காலியான காவலர் நாற்காலி: ‘நைட் கோர்ட்’ தொடரில் நடிகர் இழப்பும் மாற்றீடும் (1984–1986) – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1984 ஜனவரி 4 அன்று தொடங்கி 1992 மே வரை ஒன்பது பருவங்களாக, 193 பகுதிகளாக ஒளிபரப்பான ‘நைட் கோர்ட்’, நீதிமன்றத்தைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் தொடர்களுள் மிக நீண்ட காலம் நினைவில் நின்றவற்றுள் ஒன்று. அதன் நிலையான பாத்திரங்கள் ஆறு: நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்றவர்களுக்காக வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞர், நீதிமன்ற எழுத்தர், காவலர்கள் இருவர். தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் இந்த ஆறில் மூன்று இடங்களுக்கு நடிகர் மாறினர்; காவலர் இடங்களுள் ஒன்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு மரணங்களால் காலியானது. அத்தகைய நிலையில் தயாரிப்புத் தரப்பு எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் இவ்வாய்வு பதிவு செய்கிறது.

நடிகர்களும் படைப்பாளியும் இங்கே பெயரால் குறிக்கப்படவில்லை. அவர்கள் வகித்த பொறுப்பாலும் ஏற்ற பாத்திரத்தாலுமே குறிக்கப்படுகிறார்கள். முடிவுகளுக்கான காரணங்களாக இங்கே கூறப்படுபவை திரையில் கண்டதிலிருந்து ஆய்வாளர் வருவித்துக்கொண்டவை. தயாரிப்பாளர்களின் வாக்குமூலமாக அவற்றைக் கொள்ளக் கூடாது.

பின்னணி

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், சென்டர் தெரு 100ஆம் எண் கட்டடத்தில் இயங்கும் குற்றவியல் நீதிமன்றத்தில், மாலை 5 மணி முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை இரவு அமர்வு நடைபெறுவது வழக்கம். கைதானவர்கள் முதன்முறையாக நீதிபதி முன் நிறுத்தப்பட்டு, குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டு, பிணை பற்றி முடிவாகும் இடம் அது. சிறு திருட்டு, தகராறு, விபசாரம், குடிபோதை எனப் பெருநகரத்தின் இரவு முழுவதும் அந்தக் கதவு வழியே உள்ளே வரும். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால் சுற்றுலாப் பயணிகளும் அங்கே போவதுண்டு. ஒரே அறைக்குள் ஒரே ஊழியர்கள் இருக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு மனிதரும் வேறு கதையும் வந்து போகும் இந்த அமைப்பு, நகைச்சுவைத் தொடருக்கென்றே யாரோ வகுத்துக் கொடுத்தது போன்றது.

தொடரின் படைப்பாளி அதற்கு முன்னர் ‘பார்னி மில்லர்’ என்ற தொடரில் எழுத்தாளராகப் பணியாற்றியவர். ஏபிசியில் 1975 முதல் 1982 வரை வந்த அத்தொடர் கிரீன்விச் வில்லேஜ் காவல் நிலையம் ஒன்றின் அறைக்குள்ளேயே பெரும்பாலும் நிகழ்ந்தது. விசித்திரமான புகார்தாரர்களும் கைதிகளும் வந்துபோக, காவல்துறையினர் மட்டும் நிலையாக இருந்தனர். ‘நைட் கோர்ட்’ அந்த வடிவத்தையே நீதிமன்றத்துக்கு எடுத்துச்சென்றது. நீதிமன்ற அறை, நீதிபதியின் தனியறை, தாழ்வாரம், உணவகம் என்ற சில அரங்குகளுக்குள், நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில், பல ஒளிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு வீடியோ நாடாவில் அது பதிவானது. தொழிலால் வித்தைக்காரரான ஒருவர் நீதிபதி ஹாரி ஸ்டோனாக நடித்தார். பதவி முடியும் தறுவாயில் மேயர் நியமிக்க விரும்பியபோது தொலைபேசியை எடுக்க வீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே என்பதால் நீதிபதியானவர் அப்பாத்திரம். மெல் டோர்மே என்ற பாடகரின் தீவிர ரசிகர். பெரும்பாலான வழக்குகளை ஐம்பது டாலர் அபராதத்தோடும் ஏற்கெனவே காவலில் கழித்த நேரத்தோடும் முடித்து அனுப்புபவர்.

தொடக்கத்தில் காணப்பட்டவை

முதல் பருவம் ஆண்டின் நடுவில் தொடங்கிய 13 பகுதிகள் கொண்ட சிறு பருவம். அதிலேயே ஒரு விஷயம் தெளிவாகத் தென்பட்டது: நீதிபதியும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் உயரமான காவலர் ‘புல்’லும் முதல் நாளிலிருந்தே தத்தம் இடத்தில் வேரூன்றிவிட்டனர், எழுத்தர், சட்ட உதவி வழக்கறிஞர் ஆகிய இரு இடங்களும் அவ்வாறு வேரூன்றவில்லை.

சட்ட உதவி வழக்கறிஞர் இடத்தின் வரலாறு சற்று விரிவாகவே சொல்லத் தக்கது. முன்னோட்டப் பகுதியில் ஒருவர் நடித்தார். முதல் பருவத்தின் எஞ்சிய பகுதிகளில் வேறொருவர் வந்தார். அந்த இரண்டாமவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டார். எனினும் அடுத்த பருவத்தில் அவர் இல்லை. இரண்டாம் பருவத்தில் மூன்றாவது நடிகை, வேறு பாத்திரப் பெயருடன் வந்து, அந்தப் பருவத்தோடு சென்றார். இவர்களுள் எவரும் திறமைக் குறைவால் நிலைக்காமல் போனதாகக் கொள்ள இடமில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டான் ஃபீல்டிங், பணத்தாசையும் பெண்பித்தும் கொண்டு வெட்கமின்றி நடந்துகொள்பவராக வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருக்க, எதிரே நிற்க வேண்டிய வழக்கறிஞர் யார், அவருக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு அவர் கூசுவார் என்பது எழுத்தில் முடிவாகாமலே இருந்தது. நடிகையைத் தேர்ந்துவிட்டுப் பாத்திரத்தைத் தேடியதாகவே அந்த இரண்டு பருவங்களும் இன்று பார்க்கையில் தோன்றுகின்றன.

எழுத்தர் இடம் இதைவிட விரைவாகத் தீர்ந்தது. முதல் பருவத்தில் நீதிபதிமீது மெல்லிய காதல் கொண்ட பெண் எழுத்தர் இருந்தார். இரண்டாம் பருவத்தில் அவருக்குப் பதிலாக, வியட்நாம் போரில் பணியாற்றிய, கம்பளிச் சட்டை அணிந்த, எதற்கும் பதறாத மேக் வந்தார். காதல் இழை அறுந்ததால் எழுத்தரின் மேசை நீதிமன்றத்தின் நிதானமான மையமாக மாறியது. கூத்து எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வழக்கின் எண்ணை வாசிக்க ஒருவர் இருந்தார். இந்த மாற்றீட்டில் புதியவர் முந்தியவரின் நிழலாக வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது; பின்னர் நடந்தவற்றுக்கு இது ஓர் அளவுகோல்.

1985 மே: முதல் இழப்பு

முதல் இரண்டு பருவங்களிலும் இரண்டாவது காவலராக, செல்மா என்ற பாத்திரத்தில் நடித்தவர் கனடாவில் பிறந்தவர். 1950களின் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு எழுதி, பெண்கள் அரிதாகவே இடம்பெற்ற எழுத்தறைகளில் (தொடரின் எழுத்தாளர்கள் கூடி எழுதும் இடங்களில்) தமக்கென இடம்பிடித்தவர். கரகரத்த குரலும், சிகரெட்டும், உலகில் பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை என்பதுபோன்ற சலிப்பும் அவரது கருவிகள். ஆறடி எட்டு அங்குல உயரத்தில், மொட்டைத் தலையுடன், குழந்தை மனத்தோடு நிற்கும் புல்லின் பக்கத்தில் இந்தச் சிறு உருவ மூதாட்டி நின்றாலே பார்வையாளர்கள் சிரித்தனர். வசனம் அதற்குப் பிறகே வந்தது.

1985 மே 13 அன்று, தமது 64ஆம் வயதில், அவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டாம் பருவத்தின் பணிகள் முடிந்துவிட்ட காலம் அது. மூன்றாம் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கவிருந்ததால் எழுத்தறைக்கு ஒரு கோடைக்காலம் கிடைத்தது.

அப்போதைய சூழலில் இது தனித்த துயரமாகவும் இல்லை. 1984–85இல் என்பிசியின் வியாழக்கிழமை இரவு வரிசையில் ‘சியர்ஸ்’, ‘நைட் கோர்ட்’, ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ என்ற மூன்று தொடர்கள் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. மூன்றும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் ஆளுக்கொரு முக்கிய நடிகரை இழந்தன. காவல்துறைத் தொடரான ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ 1983 நவம்பரில், காலை வருகைப் பதிவை நடத்தும் சார்ஜெண்டாக நடித்தவரை இழந்தது. ‘சியர்ஸ்’ 1985 பிப்ரவரியில் மதுக்கூடத்தின் வயதான ‘கோச்’சாக நடித்தவரை இழந்தது. ஆகவே, ஒரே நிறுவனத்தில், ஒரே இரவின் நிகழ்ச்சிகளுக்குள், இதே சிக்கலை வெவ்வேறு வகையாகக் கையாண்ட முன்மாதிரிகள் கண்முன் இருந்தன.

முதல் முடிவு

தயாரிப்புத் தரப்பின் முன் மூன்று வழிகள் இருந்தன: இரண்டாவது காவலர் இடத்தையே நீக்கிவிடுவது, முந்தியவரைப் போன்ற ஒருவரை அமர்த்துவது, முற்றிலும் வேறான ஒருவரைக் கொண்டு அந்த இடத்தைப் புதிதாக எழுதுவது. தேர்ந்தெடுக்கப்பட்டது இரண்டாவது வழி. ஃபுளோரன்ஸ் என்ற பாத்திரத்தில் நடிக்க வந்தவரும் அறுபதைத் தாண்டியவர், வானொலிக் காலத்திலிருந்து நடித்துவந்தவர், குரலும் கரகரப்பானது. அதே என்பிசியின் ‘செயின்ட் எல்ஸ்வேர்’ மருத்துவமனைத் தொடரில் எல்லோரையும் படாதபாடு படுத்தும் நோயாளியாகச் சற்று முன்புதான் மக்கள் மனத்தில் பதிந்திருந்தார்.

இம்முடிவின் நியாயம் புரியக்கூடியதே. வாராவாரம் நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவாகும் தொடரில் சிரிப்பின் தாளம் நடிகர்களுக்கிடையே பகிர்ந்து கிடக்கிறது. புல் எந்த இடத்தில் நிறுத்துவார், பக்கத்திலிருப்பவர் எப்போது ஒற்றைச் சொல்லால் குத்துவார் என்பது எழுத்தாளர்களின் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்துக்கு மிகக் குறைந்த சேதம் விளைவிக்கும் வழி, அதே உயரத்திலும் அதே குரலிலும் இன்னொருவரை நிறுத்துவதே. அதே கோடையில் சட்ட உதவி வழக்கறிஞரின் இடமும் நான்காம் முறையாக நிரப்பப்பட வேண்டியிருந்ததால், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் திருத்தி எழுத அஞ்சியிருக்கவும் கூடும்.

மரணத்தை மறைக்காதது இம்முடிவின் சிறந்த பகுதி. மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் செல்மாவின் மறைவு கதைக்குள் கொண்டுவரப்பட்டு, நீதிமன்ற ஊழியர்கள் அவருக்காகத் துயருறுவது காட்டப்பட்டது. ‘பார்னி மில்லர்’ 1979இல் தன் நடிகர் ஒருவரை இழந்தபோது, சக நடிகர்கள் பாத்திரங்களைக் களைந்துவிட்டுத் தாமாகவே தோன்றி அவரை நினைவுகூர்ந்த ஒரு பகுதியை வெளியிட்டிருந்தது. ‘நைட் கோர்ட்’ அவ்வழியில் செல்லாமல், துயரத்தைப் பாத்திரங்களின் துயரமாகவே வைத்தது. புதியவர் உள்ளே நுழையும்போது பழையவரின் இடத்தைப் பற்றிய பேச்சும் அந்த அறையிலேயே நிகழ்ந்ததால், பார்வையாளர்கள் அவரை ஏமாற்று வேலையாகப் பார்க்கவில்லை.

இருப்பினும் ஒப்பீடு நீங்கவில்லை. ஃபுளோரன்ஸாக நடித்தவர் தேர்ந்த நடிகை. அவருக்கென ஒரு முரட்டு உற்சாகம் இருந்தது. ஆனால் அவர் பேசும் ஒவ்வொரு வரியும் இன்னொருவரின் வாய்க்கு அளவெடுத்துத் தைத்ததாகவே முதல் பல பகுதிகளில் கேட்கிறது. ஒரே அளவில் வெட்டப்பட்ட இடத்தில் ஒருவரை உட்கார வைத்தால், அவர் எங்கே வேறுபடுகிறார் என்பதே குறையாகத் தெரியும். இது அந்த நடிகைக்கு நேர்ந்த அநீதி என்றே ஆய்வாளர் கருதுகிறார்.

அதே பருவத்தில் சட்ட உதவி வழக்கறிஞர் இடம் ஒருவழியாகத் தீர்ந்தது. இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு பகுதியில் கிறிஸ்டீன் சல்லிவனாக விருந்தினராக வந்து சென்ற நடிகை, அப்போது ஏபிசியின் ‘தி ஃபால் கை’ தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் பருவத்திலிருந்து நிரந்தரமாக வந்து சேர்ந்தார், இறுதிவரை இருந்தார். நேர்மையும் கூச்சமும் எளிதில் கண்கலங்கும் இயல்பும் கொண்ட அந்தப் பாத்திரம், விருந்தினர் பகுதியிலேயே முழுமையாக எழுதப்பட்டிருந்தது என்பதே முக்கியம். மூன்று நடிகைகள் மாறியும் நிரம்பாத இடம், பாத்திரம் முன்னே வந்து நடிகை பின்னே வந்தபோது நிரம்பியது.

1986 ஜூலை: இரண்டாம் இழப்பு

1986 ஜூலை 15 அன்று, நான்காம் பருவம் தொடங்கும் முன்னரே, ஃபுளோரன்ஸாக நடித்தவர் 63ஆம் வயதில் இறந்தார். காரணம் மீண்டும் நுரையீரல் புற்றுநோய். அதே இடம், ஏறத்தாழ அதே வயது, அதே நோய், பதினான்கு மாத இடைவெளி. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் எந்த எழுத்தறையும் நம்பும்படியாக இல்லை என்று நிராகரித்திருக்கும்.

இம்முறை நேரமும் குறைவு. பருவத்தின் முதல் பகுதி இலையுதிர் காலத்தில் வெளிவந்தாக வேண்டும். ஒத்திகைகள் தொடங்கும் நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாம் முடிவு

இம்முறை தயாரிப்புத் தரப்பு எதிர்த்திசையில் நடந்தது. ராஸ் ரஸ்ஸல் என்ற புதிய காவலராக வந்தவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண். மேடை நகைச்சுவையாளராகப் பெயர் பெற்றவர். சிரிக்காத முகம், சுருக்கமான பேச்சு, எவரும் தம் மேல் கைவைக்க முடியாது என்ற நிமிர்வு ஆகியவை அவருடையவை. செல்மாவும் ஃபுளோரன்ஸும் களைத்துப்போனவர்கள், ராஸ் எரிச்சலுற்றவர். களைப்புக்கும் எரிச்சலுக்கும் உள்ள இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நகைச்சுவையின் கட்டமைப்பையே அது மாற்றியது. மூதாட்டிக் காவலர்கள் ஓரத்தில் அமர்ந்து நடப்பதற்கு உரை சொன்னார்கள். ராஸ் நடப்பதைத் தடுத்து நிறுத்தக் கூடியவர். கைதி ஒருவன் திமிறினால் அவனைப் பிடிப்பார். டான் ஃபீல்டிங் எல்லை மீறினால் ஒரு பார்வையில் அவரை அடக்குவார். புல்லோடு நின்றபோது, உயரமானவன் அஞ்சி நடக்க, பக்கத்திலிருக்கும் பெண் எதற்கும் அஞ்சாதவளாக இருப்பது என்ற புதிய இணை உருவாயிற்று.

காரணம் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணினால் இரண்டு தோன்றுகின்றன. ஒன்று, மனிதத் தன்மை சார்ந்தது: இரண்டு மரணங்களுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு மூதாட்டியை அந்த நாற்காலியில் அமர்த்தியிருந்தால், எந்தப் பார்வையாளராலும் அவரைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்திருக்க முடியாது. மற்றொன்று, ஒப்பீட்டின் சுமையை ஒரு பருவம் முழுதும் கண்ட அனுபவம். ‘சியர்ஸ்’ 1985 இலையுதிர் காலத்தில் முதிய ‘கோச்’சின் இடத்தில் இண்டியானாவிலிருந்து வந்த இளம் மதுபரிமாறுபவரை அமர்த்தி, பாத்திரத்தின் வெகுளித்தனத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயதையும் உறவுகளையும் மாற்றியது, அது வெற்றி பெற்றதை ஒரு பருவம் முழுவதும் பக்கத்து அரைமணி நேரத்தில் ‘நைட் கோர்ட்’ கண்டிருந்தது. அந்த முன்மாதிரி மனத்தில் இருந்ததா என்பதைத் திரையிலிருந்து அறிய இயலாது. செயல்முறை அதே செயல்முறை.

பின்விளைவுகள்

ராஸாக நடித்தவர் நான்காம் பருவம் முதல் ஒன்பதாம் பருவம் வரை இருந்தார். 1986க்குப் பிறகு ஆறு முக்கிய இடங்களிலும் ஆள் மாறவில்லை. 1986–87, 1987–88 பருவங்களில் தொடர் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் 10 நிகழ்ச்சிகளுக்குள் இடம்பெற்றது. இதை நடிகர் நிலைத்தன்மையின் பயன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது; வியாழக்கிழமை எட்டு மணிக்கு என்பிசியில் ‘தி காஸ்பி ஷோ’வைத் திறந்த கோடிக்கணக்கானோரில் பெரும்பகுதியினர் இரவு முழுதும் அதே அலைவரிசையில் இருந்தனர். ஆனாலும், 1985 முதல் 1988 வரை டான் ஃபீல்டிங்காக நடித்தவர் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் எம்மி துணை நடிகர் விருதை வென்றதற்கும், பின்னர் தம் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதற்கும் இந்த நிலைத்தன்மையோடு தொடர்பு உண்டு என்பது ஆய்வாளரின் கருத்து. எதிரே கிறிஸ்டீனும் பக்கத்தில் ராஸும் உறுதியாக நின்றதால்தான் அந்தப் பாத்திரம் எல்லை கடந்து ஆட முடிந்தது.

படைப்பாளி ஆறாம் பருவத்தின் முடிவில், 1989இல் விலகினார். அதற்குப் பிறகு மூன்று பருவங்கள் வெவ்வேறு கைகளில் தொடர் நடந்தது. வேடிக்கை மிகுந்து, ரோடு ரன்னரைத் துரத்தும் கார்ட்டூன் ஓநாயே நீதிபதி முன் நிறுத்தப்படும் அளவுக்குப் போயிற்று. இறுதிப் பகுதியில் புல்லை வியாழன் கிரகத்தார் அழைத்துச் செல்வதும் இதே போக்கின் முடிவே. தரம் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆறு இடங்களும் ஆறு தெளிவான இயல்புகளாக உறுதிப்பட்டிருந்ததால்தான் படைப்பாளி இல்லாமலும் தொடர் நிற்க முடிந்தது என்பதில் ஐயமில்லை.

2023 ஜனவரியில் என்பிசி தொடரை மீட்டெடுத்தது. நீதிபதியாக நடித்தவர் 2018இல் மறைந்துவிட்டதால், அவரது பாத்திரத்தின் மகள் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். டான் ஃபீல்டிங் திரும்பி வந்தார். இம்முறை சட்ட உதவி வழக்கறிஞராக. முதல் பருவத்தின் முடிவில் ராஸும் விருந்தினராக வந்தார். மூன்று பருவங்களுக்குப் பிறகு 2025இல் அது நிறுத்தப்பட்டது.

மாற்ற வேண்டியவை

இதே சூழல் இன்றைய எழுத்தறை ஒன்றுக்கு நேர்ந்தால், 1985இன் முதல் முடிவை மாற்றச் சொல்லலாம். மரணத்தைக் கதைக்குள் கொண்டுவந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின் அந்த நாற்காலியைச் சில பகுதிகளுக்கு வெறுமையாக விட்டிருக்கலாம்; தற்காலிகக் காவலர்கள் வந்துபோவதே நீதிமன்றத்தில் இயல்பு, அதையே கதையாக்கியிருக்கலாம். அதற்கிடையில் புதிய பாத்திரத்தை எழுதி முடித்துவிட்டு நடிகரைத் தேட அவகாசம் கிடைத்திருக்கும். ஃபுளோரன்ஸாக நடித்தவரின் திறமைக்கும் அப்போது அவருக்கே உரிய ஒரு பாத்திரம் கிடைத்திருக்கக் கூடும்.

சட்ட உதவி வழக்கறிஞர் இடத்தில், முதல் இரண்டு பருவங்களின் மாற்றங்கள் பெரிய விடைபெறல் ஏதுமின்றி நடந்தன. ஒரு பருவத்தில் இருந்தவர் அடுத்த பருவத்தில் இல்லை, அவ்வளவே. செல்மாவுக்குக் காட்டிய மரியாதையில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்கும் காட்டியிருந்தால், கதைக்குள் ஒரு வரியிலாவது அவர்கள் எங்கே சென்றார்கள் என்று சொல்லப்பட்டிருக்கும்.

மூன்றாவது ஒன்று டான் ஃபீல்டிங் தொடர்பானது. சக வழக்கறிஞரைத் தொடர்ந்து துரத்துவதையே நகைச்சுவையாகக் கொண்ட அந்த அமைப்பு, எதிரே நிற்கும் பெண் பாத்திரத்தை எழுதுவதற்குத் தடையாகவே இருந்தது. அவரது வேலை பெரும்பாலும் மறுப்பதாகவே அமைந்தது. கிறிஸ்டீன் நிலைத்ததற்கு, மறுப்பதைத் தவிர வேறு ஆசைகளும் கோபங்களும் அவருக்கு எழுதப்பட்டது காரணம். 2023 மீட்பில் டானை அதே சட்ட உதவி வழக்கறிஞர் மேசையில், வாதாடத் தெரிந்தும் மனம் தளர்ந்த முதியவராக உட்கார வைத்தபோது, அந்த இடத்துக்கு முதல் நாளிலேயே சொந்தக் கதை ஒன்று இருந்தது. 1984இல் முன்னோட்டப் பகுதி எழுதப்பட்ட மேசையில் செய்திருக்க வேண்டிய வேலை அது.